புது வீட்டில் விறகு பாய்லருக்கும் கேஸ் கீசருக்கும் எங்கே இடம் ஒதுக்குவது?

தேன்கனிக்கோட்டை வாசி:

அனைவருக்கும் வணக்கம். தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் இடையில் உள்ள எங்கள் ஊரில் ஒரு தளம் கொண்ட வீடு கட்டி வருகிறோம். சுவர்கள் லிண்டல் மட்டத்தை, அதாவது கதவு ஜன்னல்களின் மேல்மட்டத்தைத் தொட்டுவிட்டன. கூரைக் கான்கிரீட் போடுவதற்கு முன் வெந்நீர் ஏற்பாட்டை முடிவு செய்துவிட வேண்டும், பிறகு உடைக்கச் சொன்னால் தன்னால் ஆகாது என்று மேஸ்திரி உறுதியாகச் சொல்லிவிட்டார். கார்த்திகை தொடங்கி மாசி வரை எங்கள் பகுதியில் விடியற்காலைக் குளிர் எப்படி இருக்கும் என்பதை ஓசூர்ப் பக்கத்தினர் அறிவார்கள். வயதான பெற்றோரும் சிறு குழந்தைகளும் உள்ள வீடு என்பதால் வெந்நீர் இல்லாமல் எங்களுக்கு முடியாது. அதிகாலையில் மின்னழுத்தம் குறைந்துவிடுவதால் மின்சார கீசரை நம்பி இருக்க இயலவில்லை.

தந்தையார் பட்டுப்புழு வளர்க்கிறார். புழுக்களுக்கு இலை போட்ட பிறகு மிஞ்சும் மல்பெரிக் குச்சி ஆண்டு முழுவதும் தோட்டத்தில் குவிந்து கிடப்பதால், 100 லிட்டர் விறகு பாய்லர் ஒன்றை வைத்துவிடலாம் என்பது அவர் விருப்பம். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் 5 அடிக்கு 4 அடி அளவில் ஒரு சிறிய அறை விட்டிருக்கிறோம். பாய்லரை அதற்குள் வைத்தால் குழாய் நீளம் குறையும், குளிர் நாளில் வெளியே போகவும் வேண்டாம் என்று எண்ணினோம். பள்ளிக்கும் வேலைக்கும் புறப்படும் அவசரத்தில் விறகு மூட்ட நேரம் இருக்காது என்பதால், குளியலறைக்குள் ஒரு கேஸ் கீசரும் மாட்ட வேண்டும் என்று என் மனைவி கேட்கிறார். குளியலறை 5 அடிக்கு 7 அடி. மேலே பரண் வருவதால் உயரம் 8 அடிதான். ஒரு சிறிய வென்டிலேட்டர் உண்டு.

இந்த இரண்டு இடங்களும் பாதுகாப்பானவையா? காற்று வர எவ்வளவு திறப்பு விட வேண்டும், புகைபோக்கி எவ்வளவு உயர வேண்டும்? நெருப்பு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்வதையும் கருத்தில் கொண்டு, அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாலக்கோடு கட்டடப் பொறியாளர்:

வணக்கம். கூரை போடும் முன்பே இதைக் கேட்டது நல்லது. டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு சுவரைக் குடைந்து புகைக்குழாய்க்கு வழி தேடும் வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அந்தச் சிறிய அறையைத் தயவுசெய்து பாய்லருக்குக் கொடுக்காதீர்கள். துணிமணியோ பாத்திரமோ வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ விறகு எரிய வேண்டியிருக்கும். ஒரு கிலோ விறகு முழுமையாக எரிவதற்குக் கணக்குப்படியே 4 கன மீட்டருக்கு மேல் காற்று தேவை. நடைமுறையில் அதைப் போல இரண்டு மடங்கு உள்ளே போகும். உங்கள் சிறிய அறையில் மொத்தமாக உள்ள காற்றே சுமார் 5 கன மீட்டர்தான். அதாவது, வெளியிலிருந்து ஓயாமல் காற்று வந்துகொண்டிருந்தால் ஒழிய அந்த அறையில் ஒரு கிலோ விறகு கூட ஒழுங்காக எரியாது. அப்படி எரியும்போது உண்டாகும் புகை படுக்கையறைக் கதவின் இடுக்கு வழியாகத்தான் நுழையும்.

பலர் கவனிக்காத இன்னொரு செய்தியும் உண்டு. சுடர் எரியும்போது புகை கண்ணில் படுகிறது, மூக்கில் ஏறுகிறது. ஆகவே நாம் விலகிவிடுகிறோம். சுடர் அணைந்து தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும் நேரத்தில் புகை தெரிவதில்லை, ஆனால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு மிகுதியாக வெளிவருவது அப்போதுதான். எல்லாரும் குளித்து முடித்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகும் நேரமும் அதுவே. இதனால்தான் தணல் உள்ள எதையும், அது பாய்லரானாலும் குளிர் காயும் கரி அடுப்பானாலும், உறங்கும் அறையோடு ஒட்டிய மூடிய இடத்தில் வைக்கக் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

பாய்லரை வீட்டின் வெளிச்சுவருக்கு அப்பால், மேலே கூரையும் இரண்டு பக்கம் மட்டும் சுவரும் உள்ள கொட்டகையில் வையுங்கள். அம்மா சொல்லும் அக்னி மூலையாகிய தென்கிழக்கு உங்கள் வீட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது. அதற்குக் காற்றின் போக்கே காரணம். குளிர்காலத்தில் நமக்குக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்போது தென்கிழக்கு மூலையில் எழும் புகை தென்மேற்காக, வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டினாற்போல் போகும். ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிப்பதால் புகை வீட்டை விட்டு விலகியே செல்லும். ஆக, நீங்கள் பார்க்க வேண்டியது தெற்குச் சுவரின் ஜன்னல்களை மட்டுமே. மூலைக்குப் பக்கத்தில் படுக்கையறை ஜன்னல் வருமானால், கொட்டகையைச் சுவரிலிருந்து சில அடி தள்ளிப் போடுங்கள். வடக்கிலோ வடகிழக்கிலோ வைத்திருந்தால், மார்கழி முழுவதும் புகை வீட்டுக்குள்ளேயே வந்து சேரும்.

கொட்டகையின் தரை நெருப்பைத் தாங்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கருங்கல் பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே நேராக அடியில் போட்டுவிடுகிறார்கள். கடும் சூட்டில் கருங்கல் செதில் செதிலாகத் தெறிக்கும். பலகைக்கு மேல் செங்கல் ஒரு வரிசை பரப்பி, அதன்மேல் பாய்லரை நிறுத்துங்கள். மேலே தென்னங்கீற்றோ பிளாஸ்டிக் தகடோ வேண்டாம், இரும்புத் தகடு போதும். விறகுக் குவியலும் மல்பெரிக் கட்டுகளும் பாய்லரிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி இருக்கட்டும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் புதைந்த தணல் மறுநாள் வரை உயிரோடு இருக்கும். அதை எருக்குழியில் கொட்டித் தீப்பிடித்த வீடுகள் உண்டு.

புகைபோக்கிக்கு ஒரு எளிய விதி இருக்கிறது. கூரையைத் தாண்டி வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். அதோடு, கிடைமட்டமாக 10 அடிக்குள் இருக்கும் எந்த மேடான பகுதியையும் விட 2 அடி கூடுதலாக நிற்க வேண்டும். கொட்டகை வீட்டை ஒட்டி இருந்தால் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர், மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். குழாய் இரும்பாக இருக்க வேண்டும், பி.வி.சி. குழாயைப் புகைக்குப் பயன்படுத்தவே கூடாது. வளைவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. உச்சியில் மழை இறங்காதபடி தொப்பி வைக்கும்போது, தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பென்னாகரம் உழவர்:

பொறியாளர் ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரிதான். ஆனால் பாய்லரைத் திறந்தவெளியில் வைத்தால் சூடு வீணாகிறது, மழை நாளில் விறகு நனைகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பின்கட்டுத் தாழ்வாரத்தில், மூன்று பக்கம் சுவர் எழுப்பி ஒரு பக்கத்தை முழுவதும் திறந்துவிட்டுச் செம்புப் பாய்லரை வைத்திருக்கிறோம், புகை தங்குவதில்லை. மூன்றாவது சுவரைத் துளைகள் உள்ள சிமென்ட் ஜாலியாகக் கட்டினால் சாரலும் தடுக்கப்படும், காற்றும் வரும் என்பது என் கருத்து.

மல்பெரிக் குச்சி குறித்து ஒரு சொல். அது மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் அடங்கிவிடும். பச்சையாகப் போட்டால் புகை தாங்க முடியாது, புகைக்குழாயின் உள்ளே தார் போலப் படிந்து வழியை அடைத்துவிடும். வெயிலில் நன்றாகக் காய வைத்து, மூட்டுவதற்கு மட்டும் குச்சியைப் பயன்படுத்தி, பிறகு புளி விறகோ மாங்கட்டையோ இரண்டு போட்டால் சூடு நின்று எரியும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை குழாயைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

கேஸ் கீசரைப் பொறுத்தவரை, குளியலறையில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டால் போதாதா? நகரத்து வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓசூர் கேஸ் மெக்கானிக்:

உழவர் அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனை நம்பிக் கீசரைக் குளியலறைக்குள் மாட்டுவது ஆபத்தான பழக்கம். ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறது, சரி. அந்தக் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வேறு வழி இல்லாவிட்டால், கீசரின் புகைக்குழாய் வழியாகவே வெளிக்காற்றை இழுக்கும். மேலே போக வேண்டிய எரிந்த வாயு அதோடு திரும்பி அறைக்குள் இறங்கும். குழாய் இல்லாத கீசராக இருந்தாலும், ஃபேனைப் போட மறந்த ஒரு நாள் போதும். இரைச்சலும் குளிரும் பிடிக்காமல் அதை நிறுத்திவிட்டுக் குளிப்பவர்கள் எத்தனையோ பேர்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் சாதாரண கேஸ் கீசரின் திறன் சுமார் 12 கிலோவாட். அது முழுவேகத்தில் எரியும்போது மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயுவைச் செலவழிக்கிறது. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். உங்கள் குளியலறையின் கொள்ளளவு 8 கன மீட்டர். இருவர் அடுத்தடுத்துக் குளித்துக் கால் மணி நேரம் கீசர் ஓடினால் 3 கன மீட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் நீலம் மாறி மஞ்சளாகும், எரிவது அரைகுறையாகும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். கீசரின் உள்ளே செம்புத் தகடுகளில் கரி அடைத்திருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். குளிருக்கு வென்டிலேட்டரில் அட்டை வைத்து அடைப்பது நம் பகுதியில் பரவலான வழக்கம் என்பதால், தை மாதத்தில் நான் பழுது பார்க்கப் போகும் வீடுகளில் முதலில் பார்ப்பது வென்டிலேட்டரைத்தான்.

ஆகவே கீசர் குளியலறைக்கு வெளியே, திறந்த வெளிச்சுவரில் அல்லது கிணற்றடிப் பக்கத்துத் தாழ்வாரத்தில், சன்ஷேடின் கீழ் மழை படாதபடி மாட்டப்பட வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வந்தால் போதும். தண்ணீர் திறந்தவுடன் தானே பற்றிக்கொள்ளும் கருவி என்பதால் உள்ளே நின்று இயக்க வேண்டிய தேவையே இல்லை. காற்று நேராக மோதிச் சுடரை அணைக்காத இடமாகப் பாருங்கள். கீசருக்கு நேர்மேலே ஜன்னல் இருந்தால் எரிந்த வாயு சூட்டோடு எழும்பி அதன் வழியே உள்ளே போய்விடும். ஆகவே ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் சில அடி விலக்கி மாட்டுங்கள்.

சிலிண்டரின் இடத்துக்கு வேறு விதமாக யோசிக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது; கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டருக்கான பெட்டியிலோ மாடத்திலோ தரை மட்டத்தில் திறப்பு இருக்க வேண்டும். எரிந்த வாயு சூடாக இருப்பதால் மேலே எழும். அதற்கு உச்சியில் திறப்பு வேண்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு திறப்பு விடச் சொல்வதன் பொருள் இதுதான். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு அரை அடி இருக்கட்டும். கொசுவலை அடித்தால் காற்று வழி பெருமளவு குறைந்துவிடும் என்பதால் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். விறகு பாய்லர் உள்ள கொட்டகையில் சிலிண்டரை வைக்கவே கூடாது. தணல் இருக்கும் இடமும் கேஸ் இருக்கும் இடமும் வீட்டின் வெவ்வேறு பக்கங்களில் இருக்கட்டும். ரப்பர் குழாய்க்குப் பதிலாக ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா குழாயைப் போட்டு, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

கிருஷ்ணகிரி செவிலியர்:

கட்டட வேலை எனக்குத் தெரியாது; ஆனால் இந்த வாயுவினால் பாதிக்கப்பட்டவர்களைக் கவனித்திருக்கிறேன் என்பதால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எல்.பி.ஜி. கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும், அதற்கென்றே அதில் வாடை சேர்க்கிறார்கள். இதற்கு அந்த உதவியும் கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் ஒட்டிக்கொள்கிறது. காற்றில் பத்து லட்சத்தில் 400 பங்கு இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி வரும். 1600 பங்கு இருந்தால் 20 நிமிடத்திலேயே தலைவலியும் மயக்கமும் வாந்தியும் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் உயிர் போகக்கூடும். இருதய நோய் உள்ள முதியவர்களும் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் இதைவிடக் குறைந்த அளவிலேயே பாதிக்கப்படுவார்கள்.

குளியலறையில் இது குறிப்பாகக் கொடியது, ஏனென்றால் கால் தளர்வதை உணர்ந்தாலும் தாழ்ப்பாளை நீக்கும் அளவுக்கு உடலில் வலு இருப்பதில்லை. குளிக்கும்போது தலை கனத்தாலோ குமட்டினாலோ சூட்டினால் வந்தது என்று எண்ணி அங்கேயே உட்காராமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். வெளியில் இருப்பவர்கள் யாரேனும் விழுந்ததை அறிந்தால், முதலில் கதவைத் திறந்து அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைத்து, கேஸ் கீசரோ கரியோ எரிந்துகொண்டிருந்தது என்பதை மருத்துவமனையில் மறக்காமல் சொல்லுங்கள்.

இதைச் சொல்லாமல் விடுவதால் ஏற்படும் தாமதம் பெரிது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இருக்கிறது. அதில் 98, 99 என்று காட்டுகிறதே என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்பதை அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் ஏறிய இந்த வாயு பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே வீட்டில் படுக்க வைத்துத் தேறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை வாசி:

விரிவாக எழுதிய அனைவருக்கும் என் குடும்பத்தின் நன்றி. செவிலியர் அம்மா எழுதியதை வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். குளியலறைக்குள் கீசர் வேண்டாம், வெளிச்சுவரில் மாட்டிக்கொள்ளலாம் என்று மனைவி ஒப்புக்கொண்டார். தென்கிழக்கு மூலைக்கு அப்பால் இரண்டு பக்கம் செங்கல் சுவரும் ஒரு பக்கம் ஜாலியும் வைத்துக் கொட்டகை போடுவது என்றும், சிலிண்டரை வடக்குப் பக்கம் சமையலறைக்கு வெளியே வைப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம். தெற்குப் படுக்கையறை ஜன்னலை மேற்குச் சுவருக்கு மாற்ற மேஸ்திரி இசைந்துவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. பாய்லரில் குடத்தால் தண்ணீர் ஊற்றாமல் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேரே குழாய் இணைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். அவ்வாறு இணைப்பதில் ஆபத்து ஏதும் உண்டா? ஆழ்துளைக் கிணற்று நீர் மிகவும் கடினமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோடு கட்டடப் பொறியாளர்:

நல்ல முடிவுகள். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. பழைய செம்புப் பாய்லரில் ஒரு வாயில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் மறு வாய் வழியாக வெந்நீர் வழியும். எங்கும் அடைப்பு இல்லாததால் அழுத்தம் சேராது. தொட்டியோடு இணைத்து, வெந்நீர்ப் பக்கம் குழாயைத் திருகி மூடும்போது அந்தத் திறப்பு போய்விடுகிறது. விறகு நெருப்பை மின்சாரம் போல நினைத்த நொடியில் நிறுத்த முடியாது. மூடிய பாய்லரில் தண்ணீர் கொதித்து ஆவியானால் அதன் கன அளவு ஏறக்குறைய 1600 மடங்காக விரியப் பார்க்கும். ஆகவே பாய்லரின் உச்சியிலிருந்து தனியாக ஓர் ஆவிக்குழாய் எழுப்பி, மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை விட உயர்த்தி, முனையை வளைத்துத் திறந்தபடியே விட வேண்டும். அந்தக் குழாயில் வால்வோ மூடியோ எந்தக் காலத்திலும் பொருத்தக் கூடாது. தண்ணீர் சொட்டுகிறது என்று யாரேனும் அதை அடைக்க வந்தால் அனுமதிக்காதீர்கள்.

பாய்லரை ஒட்டிய முதல் சில அடிக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது செம்புக் குழாய் போடுங்கள்; வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் 93 டிகிரி வரைதான் தாங்கும், விறகு பாய்லர் அதைத் தாண்டக்கூடும். நம் இரு மாவட்டங்களின் ஆழ்துளை நீரில் உப்பு மிகுதி. ஆவிக்குழாயின் அடிவாயில் உப்பு படிந்து அது அடைபட்டால் குழாய் இருந்தும் இல்லாதது போலாகிவிடும் என்பதால் அதன் விட்டம் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். புகைக்குழாயைத் தட்டும் அதே நாளில் இதையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள். கூரைக் கான்கிரீட் போடும்போது வெந்நீர்க் குழாய், ஆவிக்குழாய் இரண்டுக்கும் பிறகு நுழைக்க வழியாக உறைக்குழாய் பதித்துவிடச் சொல்லுங்கள்.